கல்யாணமானவர்கள் அணி

நவம்பர் 28

கோபம் வந்தால் கத்தாதீர்கள், எழுதுங்கள் என்று மகள் நிவேதா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மதுரையில் காலேஜில் சேர்த்துவிட்டது எனக்கு வைத்தியம் பார்க்கத்தான் போலிருக்கிறது. பைப்பு கம்பெனிக்காரன் கொடுத்த டைரி கல்லாவுக்கு அடியில் சும்மா கிடந்தது. வருடம் முடியப் போகிற நேரத்தில் தூசி தட்டி எடுத்திருக்கிறேன்.

இன்றைய கோபம் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் மேல். போன் போட்டு, "ராசாங்கம், கடைசி வரிசை பூராம் வாடிப்போச்சு, வந்து என்னான்னு பாருப்பா" என்றார். என் சொட்டுநீர்ப் பாசனக் கடையை அடைத்துவிட்டுப் போனேன். டியூப்பை வெட்டிப் பார்த்தால் உள்ளே உப்பு கட்டி வெள்ளை வெள்ளையாக உதிர்கிறது. எப்போதிருந்து தண்ணீர் குறைந்தது என்று கேட்டேன்.

"அது ஆச்சு, ஆறேழு மாசம்."

"அப்பவே ஏன்ணே சொல்லல?"

"மெயின் பைப்புல நல்லாத்தானய்யா வருது?"

வந்ததே எனக்கு ஆத்திரம். சின்ன டியூப்தான் முதலில் அடைக்கும், அது அடைத்தால் அடுத்தது மெயின் பைப்பு, அப்புறம் மோட்டார், அப்போது தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவீர்களா என்று கத்திவிட்டேன். வாடுகிற செடி உங்களிடம் ஏதோ சொல்கிறது, காதை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் சுண்டிப்போய், வேறு கடையில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். போகட்டும்.

வீட்டில் பெண்டாட்டி சுகந்தி கோபத்தில் இருக்கிறாள். நான் ஹாலில் படுப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. உள்ளே மின்விசிறி சத்தம் போடுகிறது, எனக்குத் தூக்கம் வரவில்லை. இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

டிசம்பர் 1

டீக்கடையில் காணும் பொங்கல் கபடி பேச்சு ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஊரில் கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் நடக்கிற ஆட்டம் அது. தோற்ற அணி ஜெயித்த அணிக்குப் பந்தி பரிமாற வேண்டும். கல்யாணமான அணிக்கு ரொம்ப வருடமாக நான்தான் கேப்டன். என் கூடப்பிறந்த குபேந்திரன் அண்ணன் உயிரோடு இருந்தவரை ஒரு கார்னரில் அவன், மறு கார்னரில் நான். நடுவில் இருப்பவர்கள் கையைக் கோத்துச் சங்கிலி போட்டால், எவன் கபடி பாடி வந்தாலும் கோட்டுக்குத் திரும்பிப் போக மாட்டான். அண்ணன் இறந்து நான்கு வருடம் ஆகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வயலில் விழுந்தான், திடீர்ச் சாவு. இப்போது அந்தக் கார்னர் சீனிச்சாமிக்கு. லாரி வைத்திருக்கிறான், பள்ளிக்கூடத்திலிருந்து என் கூட்டாளி.

கல்யாணமாகாத பயல்களில் ஒருவன், "மாமா, இந்த வருசமாச்சும் பெரியவங்களுக்கு எந்திரிச்சு நிக்கத் தெம்பு இருக்கா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பயலை அறைந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடுவரை நடப்பதற்குள் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. நின்றால் விட்டுவிடுகிறது, நடந்தால் பிடிக்கிறது. புதுச் செருப்பைத் தூக்கி எறிய வேண்டும்.

டிசம்பர் 4

செருப்பை மாற்றியாகிவிட்டது. கால் இன்னும் பிடிக்கிறது. செருப்புக் கடைக்காரனும் திருடன்தான்.

டிசம்பர் 6

சுகந்தி காலையில் காபியை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். "நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனாங்க?" என்று கேட்டாள். காபியில் சர்க்கரை கூட என்று அவள்மேல் விழுந்தேன்.

அவள் தப்பு ஒன்றும் செய்யவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். எழுதினால் கோபம் போகும் என்கிறாள் மகள். சிலவற்றை எழுதினால் கோபம் கூடத்தான் செய்யும்.

டிசம்பர் 8

எழுதித் தொலைக்கிறேன். ஒரு வருடமாக எனக்கு உடம்பு கேட்கவில்லை. முதலில் எப்போதாவது, பிறகு அடிக்கடி, இப்போது எப்போதுமே. கட்டிலில் சுகந்தி பக்கம் திரும்பவே பயமாக இருக்கிறது. நாற்பத்தேழு வயதில், கபடி கேப்டனுக்கு. போதுமா?

சீனிச்சாமி குடித்திருந்தபோது ஒருநாள் அவனுக்கும் அப்படித்தான் என்று உளறிவிட்டான். நானும் சொல்லிவிட்டேன். அவனுக்குத் தெரிந்த இடம் தேனியில் ஒரு லாட்ஜ். பரம்பரை வைத்தியர் மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வந்து ரூம் போட்டு உட்காருவாராம். இன்றைக்குப் போனோம். வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள். வந்த ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனைக் குடைந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் ஆள் ஒருவன் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தான். பேப்பர் தலைகீழாக இருந்தது.

வைத்தியர் நாடி பார்க்கவில்லை. சுகர் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, சிகரெட் பிடிப்பீர்களா என்று ஒரு கேள்வி கிடையாது. "வாலிப வயசுல கெட்ட பழக்கம் உண்டா?" என்றுதான் கேட்டார். முப்பது வருடத்துக்கு முந்தைய கதை இப்போது எதற்கு? அங்கேயே மேஜையைக் கவிழ்த்திருப்பேன், சீனிச்சாமி தொடையைக் கிள்ளிவிட்டான். ஒரு டப்பா லேகியமும் கொஞ்சம் பொடிப் பொட்டலமும் கொடுத்தார். பொடியைப் பாலில் கலக்கி ஒரு மணி நேரத்துக்கு முன்னால் குடிக்க வேண்டுமாம்.

"நான் ரெண்டு டப்பா முடிச்சிட்டேன் பங்காளி. குதிரை கணக்கா இருக்கேன்" என்றான் சீனிச்சாமி. பஸ்ஸில் ஏறும்போது அந்தக் குதிரைக்கு மூச்சு வாங்கியது.

டிசம்பர் 11

பொடி வேலை செய்தது. ஆனால் முகமெல்லாம் சிவந்து, தலை வெடிக்கிற மாதிரி வலித்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சந்தோஷப்பட வேண்டியவள் பயந்துபோய் முந்தானையால் விசிறுகிறாள். "என்னங்க பண்ணுது, ஆஸ்பத்திரிக்குப் போவமா" என்று கேட்டுக்கேட்டு உயிரை எடுத்தாள். இதற்காகவா நான் லாட்ஜ் வராந்தாவில் கூனிக் குறுகி உட்கார்ந்தேன்?

டிசம்பர் 15

கபடிப் பயிற்சி. இரண்டு தடவை பாடிப் போய் வந்ததும் மூச்சு முட்டிவிட்டது. இடது தாடையில் ஒரு வலி வந்து கழுத்து வழியே இறங்குகிறது. உட்கார்ந்தால் போய்விடுகிறது. கடைவாய்ப் பல் சொத்தையாகத்தான் இருக்கும். பயல்கள் பார்ப்பதற்குள் வாயில் கர்சீப்பை வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 16

பல் டாக்டர் சின்னப் பையன். வாயைத் திறக்கச் சொல்லித் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, பல்லெல்லாம் நன்றாக இருக்கிறது, எதற்கும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள் என்கிறான். பல் பிடுங்குகிறவனுக்கு என் நெஞ்சில் என்ன வேலை? காசு பிடுங்க எல்லோருக்கும் ஒரு வழி இருக்கிறது. திட்டிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 20

இன்று சுகந்தி கேட்டே விட்டாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் என் சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"யாரு அவ?"

"எவ?"

"எங்கிட்ட பேசாம, பக்கத்துல வராம, ஞாயித்துக்கெழமை தேனிக்குப் போயிட்டு வாரீங்கள்ல, அவ."

நான் இல்லை என்று சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். கடையில் உட்கார்ந்து யோசித்தபோது, அவள் அப்படியே நினைக்கட்டும் என்று தோன்றியது. வேறொருத்தியை வைத்திருக்கிறவன் என்றாலும் அவன் ஆம்பளை என்ற கணக்கில் வருவான். உண்மை தெரிந்தால் நான் எந்தக் கணக்கில் வருவேன்?

மத்தியானம் சாப்பாடு வரவில்லை. ஹோட்டலில் சாப்பிட்டேன்.

டிசம்பர் 24

சுகந்தி போதுமணி மதினி வீட்டுக்குப் போயிருக்கிறாள். குபேந்திரன் அண்ணனின் சம்சாரம், மேலத்தெருவில் தனியாக இருக்கிறார்கள். அங்கே போய் என்னைப் பற்றி ஒப்பாரி வைத்திருக்கிறாள். வீட்டு விஷயத்தைத் தெருத் தெருவாகக் கொண்டுபோகிற பெண்டாட்டி. இரண்டு பிளேட்டை உடைத்தேன். நிவேதா, உன் வைத்தியம் வேலை செய்யவில்லை.

டிசம்பர் 26

எழுத்து கோணலாக வருகிறது.

மத்தியானம் மதினி கடைக்கு வந்தார்கள். அண்ணன் போன பிறகு அவர்கள் என் கடைப் படி ஏறியதே இல்லை. "ஷட்டரைப் பாதி இறக்குங்க தம்பி" என்றார்கள். இறக்கினேன்.

"சுகந்தி வந்து அழுதா. உங்களுக்கு யாரோ இருக்கான்னு."

"குடும்ப விசயத்த ஊர் பூராம் சொல்லிக்கிட்டுத் திரியிறாளா?"

"நான் ஊரா தம்பி?"

மதினி டியூப் சுருள்மேல் உட்கார்ந்தார்கள்.

"யாராச்சும் இருந்தா எனக்கு நிம்மதி. வெளக்கமாத்தால நாலு சாத்து சாத்திக் கூட்டிட்டு வந்துருவேன். யாரும் இல்லைன்னுதான் எனக்குப் படுது. அதான் பயமா இருக்கு. எதுக்கு ஹால்ல படுக்குறீங்க?"

"பேன் சத்தம் மதினி."

மதினிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உங்க அண்ணனும் பேன் சத்தம்னுதான் சொன்னாரு."

அதற்குப் பிறகு அவர்கள் நிறுத்தவில்லை. "நானும் 'யாரு அவ'ன்னுதான் கேட்டேன். ஒரு வருசம் சண்டை. சோத்துத் தட்டைத் தூக்கி எறிஞ்சிருக்கேன். அப்புறம் ஒருநா மோட்டார் ரூம்ல வச்சு அழுதுட்டாரு. எனக்கு உடம்பு கேக்கல போதுமணின்னாரு. வேற எங்கிட்டும் போகலையே, அது போதும்னு எனக்கு நிம்மதி ஆயிருச்சு தம்பி. வயசாச்சு விடுங்கன்னுட்டேன். அவரும் விட்டுட்டாரு. ரெண்டு வருசங்கூட ஆகல, வயல்ல கெடந்தாரு."

"அதுக்கும் இதுக்கும் என்ன மதினி சம்பந்தம்?"

"எனக்கும் தெரியல. போன வருசம் என் தம்பிக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்கள்ல, அவங்கிட்ட அந்த டாக்டரம்மா மொதல்ல கேட்ட கேள்வியே அதுதான். எத்தனை நாளா வீட்டுல சேந்து இருக்க முடியலன்னு. அவன் பொண்டாட்டி எங்கிட்டச் சொன்னப்பதான் எனக்கு நெஞ்ச அடைச்சுச்சு. எல்லாரும் உங்க அண்ணன் திடீர்னு போயிட்டாரு, திடீர்னு போயிட்டாருங்கிறாங்க. திடீர்னு இல்ல தம்பி. மூணு வருசமா அவர் உடம்பு சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. நாங்க ரெண்டு பேருந்தான் கதவச் சாத்திக்கிட்டோம்."

நான் எழுந்து கத்தினேன். ஒரு பொம்பளை பேசுகிற பேச்சா இது, கொழுந்தனிடம் கேட்கிற கேள்வியா, வெளியே போங்கள் என்று கத்தினேன். அம்மா மாதிரி எனக்குச் சோறு போட்டவர்களை வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரல் உயர்த்திப் பேசினேன்.

மதினி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். "மதினி கொழுந்தன்கிட்டப் பேசக்கூடாததுதான். பேசாம இருந்து ஒருத்தரைத் தூக்கிட்டுப் போயாச்சு. திங்கக்கெழமை அந்த டாக்டரம்மாகிட்ட டோக்கன் போட்டிருக்கேன். நீங்களா வந்தா மரியாதை. இல்லேன்னா சட்டையப் பிடிச்சு இழுத்துட்டுப் போவேன், ஊரு பாக்கட்டும்."

குனிந்து ஷட்டருக்கு அடியில் வெளியே போனார்கள்.

டிசம்பர் 27

குபேந்திரா, உன் மேல்தான் கோபம். ஒரே வயிற்றில் பிறந்தோம். வருடா வருடம் ஒரே சங்கிலியில் நின்றோம். உனக்கு இப்படி என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் கிண்டல்தான் செய்திருப்பேன் என்று நினைத்தாயா? செய்திருப்பேன். அதற்காகச் செத்துப்போவாயா?

டிசம்பர் 30

போனேன். மதினி வாசலில் இருந்தார்கள், சுகந்தி என்னோடு உள்ளே வந்தாள். டாக்டரம்மாவுக்கு வயது நாற்பதுக்குள். சுகர், பிரஷர், சிகரெட் எல்லாம் கேட்டார். சுகர் மாத்திரையை நினைத்தால் போடுவேன், நினைத்தால் விடுவேன் என்று சுகந்தி போட்டுக்கொடுத்தாள். கால் வலி, தாடை வலி எல்லாம் சொன்னேன். பிறகு அந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே, "தாம்பத்தியம் எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு."

"வேற எதாச்சும் மருந்து எடுத்துக்கிறீங்களா? நாட்டு மருந்து, லேகியம்?"

"இல்ல டாக்டர்."

டக்கென்று ஒரு சத்தம். சுகந்தி கைப்பையிலிருந்து லேகிய டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தாள். பக்கத்தில் பொடிப் பொட்டலங்கள். ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. "வேற பொம்பளைன்னு நெனச்சு அழுதுக்கிட்டிருந்தேன் டாக்டர். இதுதான் அந்தப் பொம்பளை" என்றாள். எனக்கு அவளைக் கொன்றுவிடலாம் போல இருந்தது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். அதுவும் என்னைவிட நன்றாகக் கோபப்பட்டார். "இந்த மாதிரிப் பொடியில பல நேரம் இங்கிலீஷ் மாத்திரையை இடிச்சுக் கலந்திருப்பாங்க. எவ்வளவுன்னு கலக்குறவனுக்கே தெரியாது. நெஞ்சு வலின்னு நீங்க வந்து, இதைச் சொல்லாம மறைச்சு, நாங்க நாக்குக்கு அடியில ஒரு மாத்திரை வச்சா, பிரஷர் அப்படியே எறங்கி உயிருக்கே ஆபத்து. வெக்கத்துல சாவீங்களா?"

ஈ.சி.ஜி., எக்கோ எடுத்தார்கள். மதுரையில் ஆஞ்சியோ பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். கபடி ஆடலாமா என்று கேட்டேன். அந்த அம்மா பேனாவை மூடிவிட்டு, "மாடிப்படியே ஏறக்கூடாதுங்கிறேன்" என்றார்.

ஜனவரி 3, மதுரை

ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. ஒரு குழாயில் முக்கால்வாசிக்கு மேல் அடைப்பு. கையில் ஊசி குத்தின இடத்தில் கட்டு, அதனால் எழுத்து சின்னதாக வருகிறது.

படத்தைக் காட்டிய டாக்டரிடம் சண்டை போடுகிற மாதிரிதான் கேட்டேன், அங்கே உள்ள கோளாறுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று. உடம்பு முழுக்க ஒரே ரத்தக் குழாய் வலைதான் என்றார். அங்கே போகிற குழாய் ரொம்பச் சின்னது, நெஞ்சுக் குழாய் அதைவிடப் பெரியது. சுகரும் சிகரெட்டும் கொழுப்பும் எல்லாக் குழாயையும் ஒன்றாகத்தான் கெடுக்கும், ஆனால் சின்னது முதலில் காட்டிக்கொடுத்துவிடும். கால் பிடித்ததும் அதே கதைதானாம். "எல்லாருக்கும் இதயந்தான் காரணம்னு சொல்ல முடியாது. மனசுல பாரம் இருந்தாலும், வேற மருந்தாலும் வரும். ஆனா உங்க வயசுல, சுகரோட, சிகரெட்டோட வந்தா மொதல்ல நெஞ்சைத்தான் பாக்கணும். பல பேருக்கு ரெண்டு மூணு வருசம் முன்னாடியே அது மணி அடிச்சிரும்."

எனக்கு அந்தத் திராட்சைத் தோட்டக்காரர் நினைவு வந்தது. மெயின் பைப்பில் நல்லாத்தானே வருது என்றவர். அவரிடம் என்ன கத்துக் கத்தினேன். ஊருக்குப் போனதும் அவர் தோட்டத்து டியூப்பை ஆசிட் விட்டு நானே கழுவிக் கொடுக்க வேண்டும்.

சுகந்தி கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது.

ஜனவரி 10

வீட்டில் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்திருக்கிறார்கள். உப்பில்லாத குழம்பு. சிகரெட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். கோபம் மட்டும்தான் மிச்சம்.

சீனிச்சாமி பார்க்க வந்தான். அவனைத் தனியாக உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு தடவை போய்ப் பார்த்துவிடு என்று கெஞ்சினேன். நான் கெஞ்சினேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

"உனக்கு அடைச்சா எனக்கும் அடைக்குமா? அது பாட்டுக்கு அது, நெஞ்சு பாட்டுக்கு நெஞ்சு. நான் லாரி டயரை ஒத்தக் கையில தூக்குறேன் பங்காளி" என்று சொல்லிவிட்டு, சுகந்தி போட்ட சர்க்கரை இல்லாத டீயை முகம் சுளித்துக் குடித்துவிட்டுப் போனான். கல்யாணமானவர்கள் அணிக்கு இப்போது அவன்தான் கேப்டன்.

ஜனவரி 16, காணும் பொங்கல்

நான் ஆட முடியாது என்பதால் மைக்கைக் கையில் கொடுத்து வர்ணனை செய்யச் சொன்னார்கள். ஊரே திரண்டிருந்தது. பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் மதினியும் சுகந்தியும் இருந்தார்கள். "கல்யாணமானவர் அணியின் சிங்கம் சீனிச்சாமி பாடி வருகிறார்" என்று நானும் தொண்டை கிழியக் கத்தினேன்.

இரண்டாம் பாதியில் சீனிச்சாமி பாடிப் போய் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். கோட்டைத் தாண்டியதும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முகமெல்லாம் வேர்வை. இடது கை தாடைக்குப் போனது. மைக்கோடு கிட்டே போனேன்.

"என்னடா செய்யுது?"

"ஒண்ணுமில்ல பங்காளி. பல்லு வலி."

"ஆட்டம் போதும், வெளிய வா" என்று தோளைப் பிடித்தேன். தட்டிவிட்டான். மறுபடி பிடித்தேன். எழுந்து நின்று என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான்.

"ஒதுங்கிப் போடா. நீ ஆட முடியாம உக்காந்துட்டேன்னா நானும் உக்காரணுமா? பொட்டப் பயலா நான்?"

எத்தனை மாதத்துக் கோபமோ, மொத்தமும் வாய்க்கு வந்துவிட்டது.

"ஆமாடா! எனக்கு எந்திரிக்கல! ஒரு வருசமா எந்திரிக்கல! ஒனக்கும் எந்திரிக்கல, ரெண்டு பேரும் லாட்ஜுல போயி லேகியம் வாங்கித் தின்னோம்! என் அண்ணனுக்கும் எந்திரிக்காமப் போயித்தான்டா செத்தான்! அது வெக்கம் இல்லடா, நெஞ்சடைப்பு! வா வெளிய!"

என் குரல் எனக்கே நான்கு பக்கமிருந்தும் கேட்டது. மைக் கையிலேயே இருந்தது. அதை அணைக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. மேலத்தெரு, கீழத்தெரு, கோயில் என்று மைக்செட் குழாய் கட்டியிருந்த இடமெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

கல்யாணமாகாதவர் பக்கத்தில் ஒரு பயல் விசிலடித்தான், இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மதினி எழுந்து, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஆடுகளத்தின் நடுவில் நடந்து வந்தார்கள். புருஷன் இறந்த பிறகு எந்த விசேஷத்திலும் முன்னால் வந்து நிற்காதவர்கள். விசிலடித்த பயலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் விரலை வாயிலிருந்து எடுத்தான்.

"சீனி, அந்தா நிக்கிற கார்ல ஏறு."

"மதினி, அது வந்து..."

"ஏறுன்னா ஏறு."

ஏறினான். வழியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடத்தியதும் நர்ஸ் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எடுத்தார். இருங்கம்மா, இவன் ஒரு பொடி சாப்பிடுகிறான் என்று நான் சொன்னேன். சீனிச்சாமி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். நேற்றும் சாப்பிட்டிருக்கிறான். டாக்டர் அந்த மாத்திரையைத் திரும்ப வைக்கச் சொல்லிவிட்டு வேறு ஊசி போட்டார். அட்டாக்தான். உடனே வண்டியில் ஏற்றித் தேனிக்குக் கொண்டுபோனார்கள். இப்போது பிழைத்துக்கொண்டான்.

ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். பந்தி பரிமாற ஆள் பற்றவில்லை என்று பயல்களே இலை போட்டுக்கொண்டார்களாம்.

ஜனவரி 18

டீக்கடைக்குப் போகவில்லை. கடைக்கும் போகவில்லை. ஊரில் ஒருத்தன் விடாமல் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பான். நிவேதா போன் செய்தாள், எடுக்கவில்லை. மகளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாலே கூசுகிறது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம்.

ஹாலில் பாயை விரிக்கப் போனேன். சுகந்தி வந்து பாயின்மேல் நின்றுகொண்டாள்.

"மைக் போட்டு ஊருக்கே சொல்லியாச்சு. இன்னும் எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு? உள்ள வந்து படுங்க."

"பேன்..."

"பேன் சத்தம் போடுதா? வந்து கேளுங்க."

போய்ப் படுத்தேன். பேன் சத்தம் போடவில்லை. அது ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. அவள் என் கையை எடுத்து, ஊசி குத்தின இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அப்படியே பிடித்துக்கொண்டாள்.

ஜனவரி 19

சீனிச்சாமி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். என் மானத்தை வாங்கிவிட்டாய், நீ நன்றாகவே இருக்க மாட்டாய், செத்தாலும் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று மூச்சு விடாமல் திட்டினான். கேட்டுக்கொண்டே இருந்தேன். திட்டுகிறான் என்றால் உயிரோடு இருக்கிறான். நானும் பதிலுக்கு நான்கு வார்த்தை திட்டினேன். வைக்கும்போது, "டாக்டர் உப்பு போடக் கூடாதுங்கிறாருடா" என்று அழுகிற குரலில் சொன்னான்.

ஜனவரி 21

கடையைத் திறந்தேன். காலையில் யாரும் வரவில்லை. பதினோரு மணி வாக்கில் ஒரு ஆள் வந்தான். லாட்ஜ் வராந்தாவில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்த அதே ஆள். எங்கள் ஊரில் சலூன் வைத்திருக்கிறான்.

என்னைப் பார்க்காமல், தொங்கிக்கொண்டிருந்த பில்டரையும் அடுக்கியிருந்த டியூப் சுருளையும் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றான். எனக்கு எரிச்சல் வந்தது. என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"இந்தச் சொட்டுநீர் டியூப்பு... அடைச்சுக்கிட்டா யார்கிட்டண்ணே காட்டணும்?" என்றான்.

அவனுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். பிறகு எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினேன்.